வீட்டின் மேல் போட்ட பழி

எழுத எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி, கையெழுத்துப் பத்திரிகை என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். உண்மை அது இல்லை. நான் முதன்முதலாக எழுதியவை கார்ப்பரேஷனுக்குப் போட்ட அர்ஜிகள். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வரியைக் குறைக்கச் சொல்லி, பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த மனுக்கள். அந்தக் காகிதங்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டு வரியை எங்கள் பக்கத்தில் கந்தாயம் என்போம். சில வருஷத்துக்கு ஒரு முறை கந்தாயத்தை உயர்த்தி நோட்டீஸ் வரும். வந்த மறுநாளே தெரு முழுக்க அர்ஜி எழுத உட்கார்ந்துவிடும். கூரை ஒழுகுகிறது, சாக்கடை நாறுகிறது, வாடகைக்கு விட்டால் நாய்கூட வராது என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். கார்ப்பரேஷனில் ஒருவரும் அதை அப்படியே நம்பமாட்டார்கள். ஆனாலும் உயர்த்தியதில் பாதியையாவது குறைப்பார்கள். இதைப் பொய் என்று தெருவில் யாரும் நினைத்ததில்லை. சந்தையில் நல்ல கத்தரிக்காயைக் கையில் எடுத்துச் சொத்தை என்று சொல்லி விலை கேட்பதில்லையா, அந்தக் கணக்குத்தான்.

அப்பா ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கை சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். பொய் சொன்னால் எங்களைத் தோலை உரித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், கந்தாய நோட்டீஸ் வந்துவிட்டால் மட்டும் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக்கொண்டு, “எழுதும்மா, நம்ம வீட்ல என்னென்ன கொறை இருக்கு, யோசிச்சு எழுது” என்பார். சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் சேமிப்பையெல்லாம் கொட்டி அவர் வாங்கிய வீடு அது. மூன்று அறைகள், சிவப்புத் தரை, பின்னால் கிணறு. அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அதனால் குறை கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நானா விடுவேன்? கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்று எழுதினேன். தெருவில் பாதிப் பேர் குடத்தோடு எங்கள் கிணற்றுக்குத்தான் வருவார்கள். சமையலறைக் கூரையில் ஒரே ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. மழைக்காலம் முழுவதும் குடை பிடித்துக்கொண்டு சமைக்கிறோம் என்று எழுதினேன். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது, “அடிப்பாவி, நான் எப்பிடீ கொடை புடிச்சேன்?” என்று மோவாயில் கை வைத்தாள். அப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்து, “எம் பொண்ணு எழுத்துக்குக் கலெக்டரே கண்ணீர் விடுவான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் தங்கை என்னைவிட ஏழு வயது சின்னவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்தது. முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வீங்கி, போர்வை பட்டாலே அலறுவாள். அந்த வருஷம் பார்த்து நோட்டீஸும் வந்தது. குறை சொல்லிச் சொல்லி எனக்கும் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஏரியின் ஈரம் இந்த வீட்டுச் சுவரில் ஏறுகிறது, அதனால்தான் இளைய மகள் நோயில் விழுந்தாள், இது மனிதர் குடியிருக்கத் தகுந்த வீடே அல்ல என்று எழுதிவிட்டேன். அப்பா படித்துவிட்டுத் தயங்கினார். “கொழந்தை வெசயம் வேணாம்மா” என்றார். “இருக்கட்டும்ப்பா, இதுக்குத்தான் எறங்குவாங்க” என்றேன். இறங்கினார்கள். மற்ற எந்த வருஷத்தையும்விட அந்த வருஷம்தான் அதிகமாகக் குறைத்தார்கள். அப்பா எனக்கு ஒரு மைப் பேனா வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

காய்ச்சல் போய்விட்டது. ஆனால் போகும்போது அவள் இருதயத்தில் கை வைத்துவிட்டுப் போயிருந்தது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பத்தொன்பது வயதில் அவளால் பத்துப் படி ஏற முடியவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அதற்கும் சிரிப்புத்தான் அவளுக்கு. “பாருக்கா, மகாராணி மாதிரி ஒக்காந்துகினே தூங்கறேன்” என்பாள். மாசி மாதத்தில் பெரிய டாக்டர் அப்பாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, வேலூரில் ஆபரேஷன் செய்கிறார்கள், இந்த மழைக்காலத்துக்கு முன்னால் செய்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார். ஆபரேஷன், மருந்து, அங்கே போய்த் தங்குவது எல்லாம் சேர்த்து ஐயாயிரமாவது கையில் இருக்க வேண்டும். அப்பா அப்போது ரிட்டையராகிவிட்டார். பி.எஃப். பணம் அவள் வைத்தியத்துக்கே கரைந்திருந்தது. எனக்கு ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. வீட்டை அடமானம் வைத்தால் என் சம்பளமும் அவர் பென்ஷனும் வட்டிக்கே போதாது. விற்றுவிடுவது என்று அன்று மாலையே முடிவு செய்தோம். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கலாய்க்கவில்லை. அதை அவருக்குச் சேர வேண்டிய நியாயமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

விற்பதற்கு முன்னால் வீடு என்ன விலை பெறும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அப்பா தனக்குப் பழக்கமான, ரிட்டையரான ஓவர்சியர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் நாடாவைப் பிடித்து மூலைமுடுக்கெல்லாம் அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சமையலறைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். “சார், பழைய சுண்ணாம்புச் செவரு. இன்னும் அறுபது வருசம் அசையாது. தேக்கு ஜன்னலு. தண்ணி கல்கண்டு. பதினெட்டாயிரத்துக்கு ஒரு ரூபா கொறைஞ்சாலும் குடுக்காதீங்க” என்றார். அப்பாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பதினெட்டில் ஐந்து வேலூருக்குப் போனாலும், மீதியில் தொம்லூர் தாண்டி ஒரு சின்ன வீடு வாங்கிவிடலாம். பெண்ணும் பிழைப்பாள், தலைக்கு மேல் கூரையும் இருக்கும். அன்று ராத்திரி அம்மா பாயசம் வைத்தாள்.

சிவாஜிநகரில் மரக்கடை வைத்திருந்த ஒருவரைத் தரகர் அழைத்துவந்தார். நம் தமிழ்க்காரர்தான். மனைவியோடு வந்து பார்த்தார், இருவருக்கும் வீடு பிடித்துவிட்டது. பதினேழுக்கு மேலே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கந்தாயம் பாக்கி இல்லையா என்று கார்ப்பரேஷனில் விசாரிக்கத் தரகரை அனுப்பினார். அது எல்லாரும் செய்கிறதுதான்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். மரக்கடைக்காரர் கையில் டைப் அடித்த தாள்கள் இரண்டு மூன்று இருந்தன. கார்ப்பரேஷனில் எங்கள் வீட்டு ஃபைலிலிருந்து நகல் எடுத்தவை என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்மா, நீ ஆபீஸ் போற பொண்ணு. எனக்கு இங்கிலீஷ் வராது. தரகர் ஏதோ சொல்றாரு, எனக்கு நம்பிக்கையில்ல. நீயே படிச்சுத் தமிழ்ல சொல்லேன்” என்று நீட்டினார். எழுதினவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

நான் வாங்கிப் படித்தேன். வேறு என்ன செய்வது? கிணறு உப்பு என்றேன். குடை பிடித்துச் சமைக்கிறோம் என்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தாளில் அந்த வரி வந்தது. ஈரத்தால் இளைய மகள் நோயில் விழுந்தாள், மனிதர் குடியிருக்கத் தகுந்த வீடல்ல. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். தரகர் ஆங்கிலம் தெரிந்தவர், பக்கத்திலேயே நின்றிருந்தார். சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தங்கைக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். மரக்கடைக்காரரின் மனைவி அந்த அறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

“அதெல்லாம் கந்தாயத்துக்காக எழுதினதுங்க” என்றார் அப்பா. “ஊர்ல எல்லாரும் எழுதறதுதான்.”

“எனக்கும் தெரியும் சார். நானும் எழுதறவன்தான்” என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. “ஆனா என் வீட்டுக்காரிக்கு மனசு கேக்கல. நோவு புடிச்ச வீடுன்னு காகிதமே சொல்லுதேன்றா. பதினோராயிரம் தர்றேன். பொண்ணுக்கு வைத்தியம்னு கேள்விப்பட்டேன். நீங்க சரின்னா நாளைக்கே ரிஜிஸ்தர் பண்ணிக்கலாம், மொத்தப் பணமும் கையில.”

அவர்கள் போன பிறகு தரகர் பின்தங்கி நின்று, “சார், வெலைன்றது காகிதத்துல இருக்கறதுதான். காகிதத்தை மாத்தினா வெலை மாறும். இல்லேன்னா எவன் வந்தாலும் இதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலூருக்குப் பதினோராயிரம் தாராளமாகப் போதும். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். போதாமல் போனது ஒன்றும் இல்லை. பிற்பாடு வாடகை வீட்டில் இருந்திருப்போம், அவ்வளவுதான். அம்மா அதைத்தான் சொன்னாள். “குடுத்துடுங்க. இவ எழுந்து நடமாடினா போதும், எங்கயாவது ஒரு மூலையில இருந்துக்கலாம்.” அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் படித்தவள் நான், சம்பாதிப்பவள் நான். என் சொல்லுக்காகக் காத்திருந்தார்.

“வேணாம்ப்பா. மழைக்கு இன்னும் நாளிருக்கு. பதினெட்டு பெறுற வீட்டை ஏன் பதினொண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கணும்? நான் எழுதறேன், கந்தாயத்தை ஏத்தச் சொல்லி. காகிதத்தை மாத்திடலாம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கூரை வேண்டும் என்ற கவலை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட எனக்குப் பொறுக்காதது, அந்த ஆள் எதிரே என் எழுத்தை நானே படித்து அவமானப்பட்டதுதான். என் எழுத்தால் இறங்கின விலையை என் எழுத்தாலேயே ஏற்றிக் காட்டுகிறேன் பார் என்ற திமிர். என்ன கொழுப்பு எனக்கு!

கந்தாயத்தை உயர்த்தச் சொல்லி ஓர் ஆள் அர்ஜி கொடுத்தது அந்த ஆபீஸில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். குமாஸ்தா இரண்டு முறை படித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்கள். “ஏன் சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றுகூடக் கேட்டார்களாம். அப்பா அதையும் வாங்கிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று கேட்டு வாரம் தவறாமல் நடந்தார். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. நான் அந்த அர்ஜியில், முன்பு சொன்ன குறைகளெல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டன என்றும், வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் நல்ல தேக சௌக்கியத்தோடு இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன். அதை எழுதும்போது அடுத்த அறையில் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் இன்ஸ்பெக்டர் வருகிற நாள் தெரிந்தது. படுக்கையும் தலையணையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதுவார்? அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவைக்கலாம் என்றார் அப்பா. நான்தான், “மறைச்சு வெச்சா சந்தேகம் வரும். அவளே நல்லா உடுத்திகினு முன்னால வந்து நிக்கட்டும். அஞ்சு நிமிஷம்தானே” என்றேன். அவளுக்கு அதைக் கேட்டு ஒரே குஷி. “அக்கா, நான் எப்பிடி நடிக்கறேன் பாரு. அந்தாளு கந்தாயத்தை ரெண்டு மடங்கா ஏத்திடுவான்” என்றாள். மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டாள். உதட்டில் நீலம் தெரியாமல் இருக்க வெற்றிலை போட்டுக்கொண்டாள். அந்த யோசனை அவளுடையதுதான்.

ஐந்து நிமிஷம் இல்லை. இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி, நல்ல மனுஷர். ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தார். என் தங்கை அவர் கூடவே நடந்து, கன்னடத்தில் பேசிப் பேசி ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். நான் காட்டுகிறேன் என்று குறுக்கே போனால், கண்ணாலேயே என்னைத் தள்ளினாள். கிணற்றடிக்குப் போனார்கள். நான் எட்டுவதற்குள் அவளே ராட்டினக் கயிற்றைப் பிடித்து ஒரு வாளி இறைத்துவிட்டாள். அவர் குடித்துவிட்டு, “நீரு சென்னாகிதே” என்று தண்ணீரைப் பாராட்டினார். “இன்னொந்து லோட்டா குடீரி” என்று சிரித்தபடி மறுபடி ஊற்றினாள். சிரிப்புக்கு நடுவே அவளுக்கு மூச்சு வாங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து தரையில் அப்படியே உட்கார்ந்தாள். வெகுநேரம் அவளால் பேச முடியவில்லை. பேச வந்ததும், “எப்பிடி?” என்றாள்.

அம்மா அன்றைக்கு அப்பாவோடும் என்னோடும் பேசவில்லை.

தங்கை அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை. இனியும் தாமதிக்க முடியாது என்று அப்பா மரக்கடைக்காரரிடம் ஓடினார். அவர் அதற்குள் ஃப்ரேசர் டவுனில் வேறு வீடு வாங்கிவிட்டிருந்தார். வேறு யாராவது வாங்க வந்தால், என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுகிறேன் என்று அப்பா தரகரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆவணியில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், நான் ஆபீஸில் ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். தலையணைகளை எடுத்துவிட்டு அவளை மல்லாந்து படுக்க வைத்திருந்தார்கள். அப்படி அவள் படுத்து நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஐப்பசியில் கார்ப்பரேஷன் உத்தரவு வந்தது. கந்தாயத்தை உயர்த்தியிருந்தார்கள். வீட்டின் மதிப்பை ஓவர்சியர் சொன்ன விலைக்கும் மேலேயே போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் அறிக்கையும் கூட இருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடாமல் என்னிடம் நீட்டி, “படிம்மா” என்றார். சுவர் நல்ல உறுதி, தண்ணீர் இனிப்பு, காற்றோட்டம் உண்டு என்று படித்துக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில், வீட்டில் உள்ளோர் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதை நேரில் கண்டேன், இளைய மகளே வீட்டைச் சுற்றிக் காட்டினாள் என்று இருந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

“இன்னும் என்ன எழுதியிருக்கு?” என்றாள் அம்மா. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

“அவ்வளவுதாம்மா. நல்ல வீடுன்னு எழுதியிருக்கு.”

அம்மா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஏதோ தெரிகிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். “நல்ல வீடுன்னு எனக்குத்தான் முன்னயே தெரியுமே” என்றாள். “இதைத் தெரிஞ்சிக்கவா இத்தனை நாள் காத்துகினு இருந்தீங்க?” அப்பா விசும்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். தங்கை போன அன்றுகூட அவர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீட்டை விற்க அதன் பிறகு எங்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. உயர்ந்த கந்தாயத்தை அப்பா ஒரு தவணை விடாமல் கட்டினார். குறைக்கச் சொல்லி எழுதலாமா என்று தெருவில் யாரோ கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். சித்திரையில் பதினோராயிரம் வாங்கியிருந்தால் வைகாசியில் அவள் வேலூரில் இருந்திருப்பாள். வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது. கடைசி வரைக்கும் அம்மா அதை என்னிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. ஒரே ஒரு தடவை சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.